எலும்பில்லாத கிறிஸ்துமஸ்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் 'ம்' என்கிறாய், அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு உனக்குச் சளியா, ஆபீசில் சண்டையா, சாப்பிட்டாயா இல்லையா என்று நான் துப்பறிய வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் 'ம்' போட முடியாது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சின்னவன் இதற்குள் உன்னிடம் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உன் அம்மாவை சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வைத்திருக்கும் பக்கம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். திருடவில்லை, குத்திக்கொண்டிருந்தேன். சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்க எங்கள் பல் க்ளினிக் டாக்டரம்மா நுனி வளைந்த ஊசி ஒன்று வைத்திருப்பாரே, அதில் மழுங்கிப்போய் ஒதுக்கி வைத்ததை வெந்நீரில் போட்டெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். பொட்டலம் பொட்டலமாக, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளோடு சேர்த்து லேசாக ஒரு குத்து, எது மிருது எது முரடு என்று கைக்குத் தெரிந்துவிடும், க்ளினிக் வாசல் மேஜையில் உட்கார்ந்து பதிமூன்று வருஷமாக டாக்டரம்மா குத்துவதைப் பார்த்த கை. காவலாளி சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, அதுக்கு வலிக்குதான்னு பாக்கறீங்களா?" என்று கேட்டார். மேலாளர் வந்தார், ஊசியை விளக்கில் தூக்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், குத்தியதையெல்லாம் நீங்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். பல் ஆஸ்பத்திரிக்காரி குத்தினால் அது சுத்தமான குத்து என்று வாதாடி இரண்டு பொட்டலத்தோடு தப்பித்தேன். இதெல்லாம் நடந்த நேரம் முழுக்க உன் தம்பி அடுத்த வரிசையில் நின்று, என்னை முன்னே பின்னே பார்த்திராதவன் மாதிரி ஒரு ஷாம்பு பாட்டிலைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் இருக்கும் முடிக்கு அவ்வளவு படிப்பு தேவையில்லை.

ஏன் குத்தினேன் என்று கேட்பாய். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து நம் வீட்டு முறை. உன் அப்பாவின் லிஃப்ட் கம்பெனியில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள், மிச்ச நாட்களில் அவர் வீட்டிலிருந்து கதவு கீல்களுக்கெல்லாம் லிஃப்டுக்குப் போடும் எண்ணெயைப் போடுகிறார், இப்போது நம் வீட்டில் யார் எந்த அறைக்குப் போனாலும் சத்தமே கேட்பதில்லை, பேய் மாதிரி வந்து நிற்கிறார்கள். ஆகவே விருந்தின் பெரிய அயிட்டம் மலிவாக இருக்க வேண்டும், ஆனால் மலிவு என்று தெரியக் கூடாது. வருகிறது யார்? உன் அத்தை. போன வருஷம் வான்கோழி வைத்தவள். அந்த வான்கோழியைத் தூக்கி வர மாமாவும் உன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், பீரோ இடம் மாற்றுகிற மாதிரி.

அத்தையின் எலும்பு விஷயம் உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் நீ போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது, நினைவுபடுத்துகிறேன். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் ஸ்பூனால் மேஜையைத் தட்டுவோம். தலைமை ஆசிரியையாக இருந்த தோரணையில் அவள் எழுந்து நின்று ஒரு தொடை எலும்பை எடுத்துக் கடைவாயில் வைப்பாள். ஏலக்கடைக்காரரான உன் மாமா, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவுவார். 'மூணு தரம்' என்கிறபோது கடக் என்று சத்தம் வரும். இரண்டு துண்டையும் இரண்டு கையில் தூக்கிக் காட்டி, "இத்தனை வயசாச்சு, ஒரு பல்லு ஆடல!" என்பாள். அப்புறம்தான் கேக் வெட்டலாம். மற்ற வீடுகளில் பாட்டுப் பாடுகிறார்கள், நம் வீட்டில் எலும்பு உடைக்கிறார்கள், அவரவர் குடும்பத்துக்கு அவரவர் கலை.

இப்போது நான் சொல்லப்போவதை நீ உன் கூட இருக்கும் பெண்ணிடம்கூடச் சொல்லக் கூடாது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, எனக்கு விடுமுறை நாள், க்ளினிக்கில் விட்டுவிட்டு வந்த குடையை எடுக்கப் போனேன். காத்திருக்கும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உன் அத்தை தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கைக்குட்டையால் வாயை அழுத்திப் பொத்தியிருக்கிறாள். மடியில் மூடி போட்ட ஒரு சின்ன நீலப் பெட்டி. அந்தப் பெட்டி எங்கள் க்ளினிக்கில் கழற்றி மாட்டுகிற பல்செட் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது, அதற்கு அட்டை லேபிள் ஒட்டுகிறதே நான்தான். என்னுடைய விடுமுறை நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள் என்றால் எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே வந்திருக்கிறாள்? குடையை எடுக்காமலே பின்படி வழியாக இறங்கி மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் மெதுவாக, நேத்து எங்க அண்ணி, என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நேத்து உங்களுக்கு லீவு. லீவுல இருக்கறவங்களுக்குக் கண்ணு கிடையாது" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் வாய்க்கு மூடி கிடையாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்னவன் சிகரெட் பிடித்ததை அவன் அணைப்பதற்கு முன்பே எதிர் வீடு வரைக்கும் சொன்னவள் நான். ஆனால் இதைச் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூட. பித்தப்பை ஆபரேஷனுக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அத்தைதான் ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருந்தாள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், மருந்து வாடை அவளுக்கு ஆகவே ஆகாது, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, அதற்குள்ளிருந்தே நர்சுகளை அதட்டிக்கொண்டிருந்தாள். அவளை எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஆனால் அத்தனை பேர் ஸ்பூன் தட்ட, ஒரு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் விழித்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே நம் வீட்டு விருந்தில் எலும்பே இருக்கக் கூடாது, மெல்லவும் சுலபமாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும், காரணத்தையும் யாருக்கும் சொல்லக் கூடாது. இந்த நாலையும் ஒன்றாக வைத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பார், நீயும் ஊசியால் குத்துவாய்.

நம் இறைச்சிக் கடைக்காரரிடம் போனேன். எலும்பு இல்லாமல், மிருதுவாக, மலிவாக என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, மலிவா வேணும்னா எலும்போட வாங்குங்க. எலும்பு வேணாம்னா காசு குடுங்க. ரெண்டும் வேணாம்னா முட்டைக்கடை எதிர்ல இருக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், தனியாகச் சிரிக்காமல் நின்றால் இன்னும் அசிங்கம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. உன் அப்பா இரண்டு முழுக் கோழி என்றார். கோழிக்குள் எலும்பு இருக்கிறது என்றேன். "கோழின்னா உள்ள எலும்பு இருக்கத்தான் செய்யும், அதுக்கு அது நிக்கணும்ல" என்றார். மீன் என்றான் சின்னவன். முள் என்றேன். "அம்மா, உனக்குச் சாப்பாட்டுக்குள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாதா?" என்று கேட்டான். வாட்டிய காலிஃபிளவர் முழுசாக வைத்தால் என்ன என்று நானே ஒரு நிமிஷம் யோசித்தேன், அத்தையின் முகத்தை நினைத்துக்கொண்டேன், விட்டுவிட்டேன். கடைசியில் சூப்பர் மார்க்கெட்டில் தண்டமாக வாங்கிய அந்த இரண்டு பொட்டலம்தான் வழி காட்டியது. குத்தியதிலேயே முரட்டுப் பொட்டலங்கள் அவை, செருப்புக்குத் தைக்கலாம். அதைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடமே நீட்டி அரைத்துத் தரச் சொன்னேன். இயந்திரத்துக்குள் போய்விட்டால் முரடும் மிருதுவும் ஒன்றுதான். அடுத்த கடையில் வாங்கிய கறியை என் இயந்திரத்தில் போடுவதா என்று முறைத்தார், கூடவே அவரிடமும் ஒரு கிலோ கொத்துக்கறி வாங்கிய பிறகு முறைப்பு குறைந்தது.

நீயும் அங்கே கையைக் கடிக்கிற மாசக் கடைசியில் இதைச் செய்து பார், சொல்கிறேன். கொத்துக்கறியோடு பாலில் நனைத்த பழைய பிரெட், துருவிய காரட், வதக்கின வெங்காயம், மிளகு, உப்பு, இரண்டு முட்டை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பிரெட் சுடும் தகரத்தில் பாதி நிரப்பி, அவித்த முட்டைகளை வரிசையாகப் படுக்க வைத்து, மேலே மிச்சத்தைப் போட்டு மூடி ஓவனில் வைக்க வேண்டியதுதான். வெட்டினால் துண்டுக்குத் துண்டு நடுவில் முட்டை வட்டமாக வரும், பார்க்கிறவனுக்கு ஏதோ பெரிய வேலை என்று தோன்றும். பாதி பிரெட் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் முன்பு ஒத்திகை பார்த்தேன். முட்டை சேர்க்க மறந்துபோனதால் காய்ந்து இறுகி வந்தது, சின்னவன் அதைச் செங்கல் என்றான், உன் அப்பா சுண்டிப் பார்த்து, "தாங்கும்" என்றார். இரண்டாம் தடவை நன்றாக வந்தது. நாக்காலேயே நசுக்கலாம், நானே பல் படாமல் ஒரு துண்டு முழுக்கச் சாப்பிட்டுப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்று, அத்தைக்குக் கஷ்டம் வருமா என்று. அந்த நேரம் பார்த்து உன் அப்பா எண்ணெய் போட்ட கதவு வழியாகச் சத்தமில்லாமல் வந்து நின்றார், கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

விருந்தன்று அத்தை புதுப் புடவையில் வந்தாள், மாமா கழுத்தைச் சுற்றி மஃப்ளர் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு மாதமாகத் தொண்டை கட்டியிருக்கிறது, ஏலக்கடைக்கே போகவில்லை, பேச்சும் குறைவு, பேசினாலும் காற்றோடு கலந்து வருகிறது. மேஜையில் நான் கொண்டுவந்து வைத்ததை அத்தை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் குனிந்து பார்த்தாள். "இது என்னம்மா, கேக்கை முதல்லயே வச்சிட்டியா?" என்றாள். கொத்துக்கறி என்றேன். "ஓ, கடையிலயே மென்னு குடுத்துட்டாங்களா" என்றாள். மாமா மஃப்ளருக்குள்ளிருந்து, "எலும்பு இல்லாம என்ன கிறிஸ்துமஸ், என்ன விருந்து, ஏம்மா எங்க எலும்பு?" என்று விடாமல் கேட்டார். எலும்பைக் கடைக்காரர் அவர் நாய்க்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றேன். அத்தை உன் அப்பாவைப் பார்த்து, "தம்பி, உன் பொண்டாட்டி கஞ்சத்தனத்துக்குக் கிறிஸ்துமஸ்னு பேர் வச்சுட்டாடா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே பரிமாறினேன். வாய்க்குள் பதில் வரிசையில் நின்றது, ஒன்றையும் வெளியே விடவில்லை. குறை சொன்னாலும் தட்டு காலியாகிக்கொண்டுதான் இருந்தது, அத்தை இரண்டு துண்டு, எலும்பு எங்கே என்று கேட்ட மாமா நாலு துண்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் உன் அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார்.

உன் அப்பாவை எனக்குத் தெரியும், அவர் தானாக எழுந்து சமையலறைக்குப் போனால் ஏதோ வினை. திரும்பி வரும்போது கையில் தட்டு, தட்டின் மேல் நாப்கின், முகமெல்லாம் சிரிப்பு. "என் அக்கா எலும்பு உடைக்காம இந்த வீட்ல கேக் வெட்டறதா?" என்று நாப்கினை எடுத்தார். தட்டின் நடுவே ஒரு எலும்பு. கோழி எலும்புகூட இல்லை, ஆட்டு விலா எலும்பு. எனக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, காலையிலேயே அவித்து, பழைய டிபன் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார், நான் மறந்துபோய்விட்டேன் என்று நினைத்து எனக்கே ஓர் ஆச்சரியம் தரலாம் என்று. சின்னவன் ஸ்பூனால் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டான். எல்லோரும் தட்டினார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது, கூவவில்லை. அவருக்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது, பாவம், பெண்டாட்டியின் மானம் என்று நினைத்தேன். அத்தை எழுந்து நின்றாள். எலும்பைக் கையில் எடுத்தாள். எனக்கு மனசுக்குள் அந்த நீலப் பெட்டி மட்டும்தான் தெரிந்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை, யோசித்திருந்தால் தண்ணீர் ஜக்கைத் தட்டிவிட்டிருப்பேன், அதுதான் நாகரிகம். மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவள் கையிலிருந்த எலும்பைப் பிடுங்கி என் வாயில் வைத்துக் கடித்துவிட்டேன். கடக் என்று சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம் டாக்டரம்மா எனக்குச் சலுகை விலையில் பல்லுக்கு மேல் போட்டுவிட்ட கேப், அதோடு அதைத் தாங்கிக்கொண்டிருந்த பாதிப் பல், இரண்டும் தட்டில் விழுந்தன. சின்னவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "அம்மா, இதுக்குள்ளயாவது ஏதாவது இருக்கே" என்றான்.

அதற்கப்புறம் கேக்கை நான் வலது பக்கமாகச் சாப்பிட்டேன். அத்தை சாப்பிடவில்லை. அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வருஷா வருஷம் நான் செய்யறது. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணு. அதுலயும் இவளுக்குப் பொறாமை!" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமா மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே பின்னால் போனார், வாசலில் ஒரு நிமிஷம் நின்று மிச்சமிருந்த கொத்துக்கறியை ஒரு டப்பாவில் கட்டித் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது குடும்பத்தில் என்னைப் பற்றி இரண்டு கதை ஓடுகிறது, ஒன்று நான் கஞ்சம், இன்னொன்று நான் பொறாமைக்காரி. இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது, சொல்ல முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், பேசுகிறதைவிட இது ரொம்ப வலிக்கிறது, அதில் பாதி பல் வலி. உன் அப்பா மட்டும் நேற்று, எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ காரணமில்லாம எலும்பைக் கடிக்கற ஆளு இல்லையே" என்றார். காரணம் இருக்கிறது என்றேன். சரி என்று குளியலறைக் கதவுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அத்தைக்குப் போன் போட்டுப் பேசு. விருந்தைப் பற்றிப் பேசாதே, பல்லைப் பற்றி மூச்சு விடாதே, புடவை நன்றாக இருந்ததாம் என்று சொல், போட்டோ பார்த்தேன் என்று சொல். உனக்குப் போட்டோ அனுப்பவில்லை, ஆனாலும் சொல். ராத்திரி பல் தேய்த்துவிட்டுத் தூங்கு, இனிப்பு சாப்பிட்டால் வாய் கொப்பளி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை யாரிடமாவது காட்டிக்கொள். குளிர் நாளில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ எங்கே இருந்தாலும் உன் வீட்டில் சிரிப்பும் அடுப்பில் ஏதாவதும் இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்குத்தான் நோயாளியாக க்ளினிக்குக்குப் போகிறேன், போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன்.

ஒரு பல் குறைந்த, அன்பு குறையாத,
அம்மா

பி.கு. தபாலில் போடவில்லை, இதை எழுத வேண்டியிருந்ததால் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். காத்திருக்கும் அறையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிகிச்சை அறைக் கதவைத் திறந்துகொண்டு, அவரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, உன் மாமா வெளியே வந்தார். கையில் அந்த நீலப் பெட்டி. என்னைப் பார்த்ததும் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏலக்காரன் வாயில பல் இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்மா விலை கேப்பான், அதான் யார்கிட்டயும் சொல்லல, உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, எனக்காகவே கொத்துக்கறி பண்ணியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையை எடுக்காமலே தலையை ஆட்டிவைத்தேன். நவம்பரில் அவர் உள்ளே இருந்திருக்கிறார், வெளியே மருந்து வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை வைத்திருந்தது மட்டும்தான் அத்தை.

உன் அத்தைக்கு ஒரு பல்கூட ஆடவில்லை.